மாலின் முனையின் கல் கரை

கிள்ளான் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றதும் சேற்று வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். பண்டமாரானிலிருந்து தஞ்சோங் ஹராப்பான் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை குட்டிகளோடு புறப்பட்டால் மோரிப். நீர் வற்றிய நேரத்தில் மோரிப்பில் கடல் எங்கோ தொலைவில் ஒரு கோடாகக் கிடக்கும். நடுவே சாம்பல் நிறச் சேறு வெயிலில் பளபளக்கும். அதில் தாவும் மீன்கள், கெராங் சிப்பி பொறுக்குகிறவர்கள், ஓரத்தில் பாக்காவ் எனும் அலையாத்தி மரங்கள். அந்தக் கரையைப் பார்த்தே பழகிய எனக்கு, அயர்லாந்தின் வடகோடியில் கண்ட ஒரு சின்னக் கரை இன்னும் வியப்பாகவே இருக்கிறது. அங்கே மண்ணே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை கல்.

மகள் டப்ளினில் மருத்துவம் படிக்கிறாள். மலேசியப் பிள்ளைகள் அயர்லாந்துக்கு மருத்துவம் படிக்கப் போவது புதிதல்ல; டப்ளினின் இரண்டு கல்வி நிறுவனங்கள் சேர்ந்து 1996இல் பினாங்கிலேயே ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கும் அளவுக்கு அந்த உறவு நெருங்கியது. அவளுக்குத் தேர்வு முடிந்த ஜூன் மாதத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். "அம்மா, ஊரெல்லாம் அப்புறம் சுத்திக்கலாம். முதல்ல உங்களை நாட்டோட நுனிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாடகைக் காரில் ஏற்றிவிட்டாள்.

வழியில் வரும் டெரி நகரம் ஐக்கிய ராஜ்ஜியத்துக்கு உட்பட்ட வட அயர்லாந்தில் இருக்கிறது. அதைத் தாண்டிச் சற்று நேரத்தில் மறுபடியும் அயர்லாந்துக் குடியரசு. எல்லையில் கம்பியும் இல்லை, காவலரும் இல்லை. சாலைப் பலகைகளில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்ததை வைத்துத்தான் நாடு மாறியதைத் தெரிந்துகொண்டோம். டொனிகால் மாவட்டத்தின் இனிஷோவன் தீபகற்பம் அங்கே தொடங்குகிறது. போகப் போகச் சாலை குறுகுகிறது. எதிரே வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் ஆகவேண்டும். இருபுறமும் கல்லடுக்கிக் கட்டிய தாழ்ந்த சுவர்கள், அவற்றுக்குப் பின்னால் ஆடுகள். கடைசியில் அயர்லாந்துப் பெருநிலத்தின் வடமுனையான மாலின் ஹெட்.

சுற்றுலாப் பயணிகள் மேட்டின் மேலுள்ள பழைய கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நெப்போலியன் காலத்துப் படையெடுப்புக்கு அஞ்சி, 1805 வாக்கில் பிரிட்டிஷார் கட்டிய காவல் கோபுரம் அது. நாங்கள் பாலிஹில்லின் என்ற சிற்றூரின் வயல்களை ஒட்டிக் கீழே இறங்கினோம். எங்களைத் தவிர அங்கே யாருமில்லை.

கரைக்கு வந்து சேரும் முன்பே அதன் ஓசை வந்துவிட்டது. அலை ஏறும்போது எல்லாக் கடலும் போடும் இரைச்சல்தான். அது திரும்பும்போது எழுவதுதான் நான் அதுவரை கேட்டறியாதது. ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு, லாரியிலிருந்து ஜல்லியைச் சரிப்பதுபோல் நீண்டு கரகரத்து அடங்குகின்றன. அடங்கியதும் அடுத்த அலை. எங்கள் மலாக்கா நீரிணையில் அலை வந்துபோவதைக் காது கவனிப்பதே இல்லை.

நடப்பதும் எளிதாக இல்லை. ஒவ்வோர் அடிக்கும் காலடிக் கல் நழுவுகிறது. "குதிகாலை ஊனாதீங்கம்மா, பாதம் முழுசையும் வைங்க" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். நீரோரத்தில் கற்கள் சிறியவை. மேலே போகப் போக முட்டையளவு, தேங்காயளவு. கரையும் படிப்படியாகச் சரிந்து இறங்குகிறது. ஈரத்தில் அவற்றின் நிறம் தெரிகிறது: வெள்ளைக் குவார்ட்சு, செம்மை படர்ந்த ஜாஸ்பர், பாசியின் பச்சை ஓடிய கல், கரும்பழுப்பு. பாலிஹில்லின் கரை இத்தகைய வண்ணக் கற்களுக்குப் பேர்போனது.

ஏன் இங்கே கல் மட்டும் நிற்கிறது? மலாக்கா நீரிணை சுமத்ராவின் மறைவில் அமைதியாகக் கிடக்கும் கடல். கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் கொண்டுவரும் வண்டலைக் கீழே படியவிடுகிறது. வேர்களால் அதைப் பிடித்துக்கொள்ள அலையாத்திக் காடு இருக்கிறது. மாலின் முனைக்கு எதிரே அப்படி மறைவு எதுவும் கிடையாது. வடக்கும் மேற்கும் திறந்த அட்லாண்டிக். குளிர்காலப் புயலில் அந்த அலைகள் சேற்றையும் மணலையும் அரித்துக்கொண்டு போய்விடுகின்றன. தூக்கிப் போக முடியாததுதான் கரையில் மிஞ்சுகிறது. ஏறிவரும் அலை கல்லை மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரில் பெரும்பகுதி கற்களின் இடுக்கில் வடிந்துவிடுவதால், தள்ளிய கல்லை எல்லாம் அதனால் இழுத்துப் போக முடிவதில்லை. இப்படித்தான் கரையின் தலைமாட்டில் கல்வரப்பு தானாகவே உயர்கிறது. தன் வேகத்துக்குத் தானே அணை கட்டிக்கொள்கிறது கடல்.

மேலே வயலோரத்தில் வேலி சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்துவிட்டு, தன் வயலுக்குப் பின்னால் தெரிந்த சரிவைக் கைகாட்டினார். ஒரு காலத்தில் அலை அதுவரை வந்ததாம். இந்த வயலைத் தோண்டினால் கரையில் கிடக்கும் அதே கூழாங்கல்தான் வருமாம். அவர் சொன்னது நிலவியல் ஒப்புக்கொண்ட உண்மை. பனியுகத்தில் இந்நிலத்தின்மேல் ஏறிக் கிடந்த பனிப்பாளத்தின் எடையால் பூமியின் ஓடே அமுங்கியிருந்தது. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகியபோது அன்றைய கடல் வெட்டிய கரைகள், சுமை இறங்கிய நிலம் மெல்ல நிமிர்ந்ததால் இன்றைய அலைக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றன. அந்தப் பழைய கரையிலிருந்து இன்றைய கரைவரை நீண்ட பட்டைகளாக வயல்கள் இறங்குகின்றன. இந்த மக்கள் உழுவது பழைய கடற்கரையை.

நீரோரத்தில் உட்கார்ந்து பார்த்தால் வடகிழக்கே ஒரு தீவு தெரிகிறது: இனிஷ்ட்ராஹல். அதன் பாறைக்கு வயது ஏறத்தாழ 178 கோடி ஆண்டுகள். அயர்லாந்தின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று. அங்கே வாழ்ந்த குடும்பங்கள் 1929இல் தீவை விட்டு வெளியேறின. அயர்லாந்துக்கு வெளியேற்றம் பழகிய துயரம். 1845 முதல் 1852 வரை நீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் கூடுதலானவர்கள் கப்பலேறினார்கள். டெரியிலிருந்தும் பக்கத்து மோவிலிலிருந்தும் அமெரிக்கா போன கப்பல்களில் இருந்தவர்களுக்குச் சொந்த நாட்டின் கடைசிக் காட்சி இந்த முனைதான். அதை அறிந்தபோது எனக்கு என் பாட்டி நினைவு வந்தது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, இன்று போர்ட் கிள்ளான் என்று வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர் அவர். அவருக்கும் கடைசியாகத் தெரிந்தது ஏதோ ஒரு கரைதான்.

மேட்டின்மேல் வெண்கற்களால் பெரிதாக நாட்டின் பெயரும் 80 என்ற எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. வானில் வரும் விமானிகளுக்குக் கீழே இருப்பது எந்த நாடு என்று தெரிய, கடலோரக் காவல் சாவடிகள்தோறும் இப்படிக் கல் பதித்தார்கள். அதே போரின் முடிவில், 1945 செப்டம்பர் 9 அன்று, இந்தியப் படைப்பிரிவுகளோடு பிரிட்டிஷார் எங்கள் மோரிப்பில் தரையிறங்கினார்கள். அவர்களின் வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றுபோயின. ஒரு கரையின் இயல்பைப் படையாலும் மாற்ற முடியாது.

இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மறையவில்லை. புறப்படும்போது ஒரு செந்நிறக் கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். கரைப்பொருளை அள்ளுவதைத் தடுக்க 1933ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டத்தில் அங்கே வழியிருக்கிறது. அள்ள அள்ள வரப்பு தாழும். வரப்பு தாழ்ந்தால் அந்த முதியவரின் வயல் புயலுக்குத் திறந்துகொள்ளும். அங்கே கல் செய்யும் காவலைத்தான் இங்கே பாக்காவ் மரம் செய்கிறது. சிலாங்கூர்க் கரையில் எத்தனையோ இடங்களில் அந்த மரங்களை வெட்டியெறிந்து இறால் குளமும் தொழிற்பேட்டையும் கண்டோம். அரிக்கும் கரைக்கு இப்போது பணத்தைக் கொட்டிக் கல்லணை போடுகிறோம். அழகான கரையைப் பார்க்க எவ்வளவு தூரமும் போகலாம், போகத்தான் வேண்டும். போய் வந்த கண்ணோடு நம் சிலாங்கூரின் கேரித் தீவுச் சேற்றோரம் ஒருமுறை நின்று பாருங்கள். அந்த வேர்களும் ஒரு நாட்டைத் தாங்கி நிற்பவைதான். அவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டுவைக்க வேண்டும்.