வால்வு ஒலிபெருக்கி

1904-இல் பிளெமிங் கண்ட வெற்றிடக் குழலில் 1906-இல் டி பாரஸ்ட் மூன்றாம் மின்வாயைச் சேர்த்தார். அதன் வழிவந்த வால்வுகளே, பழனிக்கு அருகிலுள்ள எங்கள் நெய்க்காரப்பட்டியில் முன்னாளில் திருவிழாப் பாட்டை முழக்கின. அத்தகைய பெட்டியொன்று என்னிடம் இன்றும் உண்டு.

அண்மையில் அதில் 'உம்'மென்னும் இரைச்சல் எழுந்தது. மின்னோட்டத்தைச் சீராக்கும் கண்டென்சர் தளர்ந்தால் இவ்வொலி தோன்றும். மின்னிணைப்பைப் பிடுங்கினேன், எனினும் கை வைக்கவில்லை. 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் கண்டென்சரில் தேங்கி நிற்கும். அஃது உயிரையும் வாங்கும். இணைப்பு நீங்கினால் அச்சமில்லை என்பார் உளர். அவர் பேச்சைக் கேளாதீர்!

இடக்கையை முதுகுப்புறம் வைத்துக்கொண்டேன். இரு கைகளும் பட்டால் மின்னோட்டம் நெஞ்சின் ஊடே பாயுமன்றோ? உறையிட்ட கம்பியில் கோத்த மின்தடையின் வழியே அழுத்தத்தை வடித்தேன். மீட்டரின் முள் சுழியைத் தொட்ட பின்னரே பழையதை அகற்றி, நேர்முனை எதிர்முனை பார்த்துப் புதியதற்கு ஈயப்பற்று வைத்தேன்.

இரைச்சல் அடங்கியது, இசைத்தட்டின் நாயனம் தெளிவாக எழுந்தது.