பெர்த் மடல்: எந்தத் திரையில் விரிவுரை?

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் விரிவுரைகளைப் பதிவு செய்து வைப்பது இன்று வழக்கமான நடைமுறை. அதற்கு வழிகாட்டிய ஊர்களில் பெர்த்தும் ஒன்று. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஐலெக்சர்’ என்ற பதிவு முறை, ‘லெக்டோபியா’ எனப் பெயர் மாறி, பிறகு அமெரிக்காவின் ‘எக்கோ360’ நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது.

தொடக்கத்தில் இப்பதிவுகளைப் பெரும்பாலும் கணினியிலோ எம்பி3 கருவியிலோதான் கேட்க முடிந்தது. 2007இல் வந்த ஐபோன், அப்போது இணையத்தில் பரவலாக இருந்த ஃப்ளாஷ் வகைக் காணொளிகளை ஏற்கவில்லை. உலாவியிலேயே காணொளியை ஓடச்செய்யும் எச்டிஎம்எல்5 பரவி, இணைய வேகத்துக்கேற்பப் படத்தின் தரம் தானே கூடிக் குறையும் உத்தியும் வந்த பிறகே கைபேசியில் விரிவுரை தடையின்றி ஓடியது.

ஆனாலும் ஊன்றிப் படிக்க மடிக்கணினியே வசதி. பதிவில் பெரும்பாலும் ஸ்லைடும் ஆசிரியர் உருவமும் தனித்தனிச் சட்டங்களில் வரும். இரண்டையும் பார்த்து, நடுவே நிறுத்தி, பக்கத்துச் சாளரத்தில் குறிப்பெடுக்கச் சிறு திரை போதாது. கணிதம், பொறியியல் மாணவர்களுக்கு எழுதுகோலுடன் கூடிய டேப்லெட் உதவும். சமன்பாட்டையும் வரைபடத்தையும் தட்டச்சு செய்வதைவிடக் கையால் எழுதுவது எளிது.

கைபேசிக்குரிய நேரம் பயணம். பெர்த்திலிருந்து மாண்டுரா வரை ஏறத்தாழ 70 கி.மீ. ஓடும் ரயில் பாதை, பல்கலைக்கழகம் அமைந்த மர்டாக் பகுதி வழியே செல்கிறது. அந்தப் பயணத்தில் வகுப்பை முதல் முறை கேட்டுவைக்கலாம், தேர்வுக்கு முன் மறுமுறையும் கேட்கலாம். வீட்டு வைஃபையில் முன்பே இறக்கிக்கொண்டால் டேட்டா செலவாகாது. ஒன்றரை மடங்கு வேகத்தில் 50 நிமிட உரை சுமார் 33 நிமிடங்களில் முடியும். சட்டம், வரலாறு போன்ற பாடங்கள் காதால் கேட்டாலே பெருமளவு விளங்கும். கண்ணால் பார்க்க வேண்டிய நிரூபணங்கள் அப்படி விளங்காது.

ஆகவே ஒரே மாணவர் ஒரே விரிவுரைக்கு இரண்டு மூன்று கருவிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும் உண்டு. எது எப்போது என்பதைப் பாடமும் நேரமும் இடமும் தீர்மானிக்கின்றன. இது ஆசிரியரின் வேலையையும் சற்றே மாற்றுகிறது. ஸ்லைடில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். வசனவரி சேர்க்க வேண்டும். படத்தைச் சுட்டி “இதைப் பாருங்கள்” என்று நிறுத்தாமல், அதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். அப்போதுதான் ரயிலில் காதால் மட்டும் கேட்பவருக்கும் பாடம் முழுதாகப் போய்ச் சேரும்.