பாறைக்குள் படுக்கையாக ஒரு துளை

லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த 'தி ஏவியேட்டர்' (2004) பார்த்தவர்களுக்கு ஹோவர்ட் ஹ்யூஸைத் தெரிந்திருக்கும். சினிமா, விமானம் என்று தண்ணீராய்ச் செலவழித்தாரே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அப்பா விட்டுப்போன டிரில் பிட் கம்பெனியிலிருந்து!

அப்பா பெயரும் ஹோவர்ட் ஹ்யூஸ்தான். அவர் காலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டியவர்கள் மீன்வால் போன்ற தட்டையான பிட்டால் மண்ணைச் சுரண்டினார்கள். கடும்பாறை வந்தால் வேலை படுத்துவிடும். 1909-ல் அவர் காப்புரிமை வாங்கிய பிட்டில் பல் வைத்த இரண்டு கூம்புகள் இருந்தன. பிட் சுழலச் சுழல, கூம்புகள் பாறைமேல் உருண்டு அதை நொறுக்கின. 1933-ல் அதே கம்பெனியின் பொறியாளர்கள் கூம்புகளை மூன்றாக்கினார்கள். அதுதான் இன்றும் ஓடும் டிரைகோன்.

சரி, இதைப் படுக்கவைத்தால்?

சாலையை வெட்டாமல், ஆற்றுக்கு அடியில் குழாய் செலுத்தும் முறைக்கு எச்.டி.டி. என்று பெயர். 1971-ல் கலிபோர்னியாவின் பஜாரோ ஆற்றுக்கு அடியில் மார்ட்டின் செரிங்டன் என்பவர் எரிவாயுக் குழாய் கொண்டுபோனதில்தான் இது தொடங்கியது என்பார்கள். மெத்தென்ற மண்ணில் விஷயம் சுலபம். பிட்டின் முகம் ஒரு பக்கம் சாய்வாக இருக்கும். சுழற்றிக்கொண்டே தள்ளினால் நேராகப் போகும். சுழற்றாமல் தள்ளினால் சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பும். ஸ்டியரிங் அவ்வளவுதான்!

பாறையிடம் இது பலிக்காது. சுழலாத பிட்டை எவ்வளவு தள்ளினாலும் கிரானைட் அசையாது. அதனால் பிட்டுக்குப் பின்னால் லேசாக வளைந்த ஒரு மோட்டாரை மாட்டுகிறார்கள். உள்ளே அழுத்தி அனுப்பும் பென்டோனைட் சேறுதான் அதை ஓட்டுகிறது. ராடு சும்மா இருக்க, பிட் மட்டும் சுழலும். மோட்டாரின் வளைவு எந்தப் பக்கமோ, துளையும் அந்தப் பக்கம்.

எந்த பிட் என்பதைப் பாறைதான் முடிவு செய்கிறது. களிப்பாறை போல ஒரே சீரானது என்றால், செயற்கை வைரத் தகடு பதித்த பி.டி.சி. பிட் சீவிக்கொண்டு வேகமாகப் போகும். ஆனால் உருளைக்கல் கலந்த இடத்தில் மோதினால் வைரம் தெறித்துவிடும். கிரானைட் போன்றவற்றுக்கு டங்ஸ்டன் கார்பைடு பல் வைத்த டிரைகோன், அல்லது காற்றால் இயங்கும் சுத்தியல். நம் திருச்செங்கோடு போர்வெல் வண்டிகளில் புழுதி பறக்க இடிக்கிறதே, அதே சுத்தியலின் உறவுக்காரன்தான்.

டிரைகோனுக்குப் பாறையை நொறுக்க எடை வேண்டும். நேர்க்கிணற்றில் மேலே உள்ள கனமான குழாய்களே அழுத்திக்கொடுக்கும். படுக்கைத் துளையில் அந்த வசதி இல்லை. ரிக்கிலிருந்து தள்ளும் விசையில் ஒரு பங்கை உராய்வு தின்றுவிடும். நொறுங்கிய பாறைத்தூளும் துளையின் அடியில் படியும். சேறு அதை வாரிக்கொண்டு வராவிட்டால் பிட் அரைத்ததையே திரும்ப அரைக்கும்.

இதில் முதலில் சாவது பெரும்பாலும் பல் அல்ல, கூம்புக்குள் இருக்கும் பேரிங். அதன் ஆயுளை மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். டார்க் தாறுமாறாக எகிறினால், வேகம் விழுந்தால் பிட்டை வெளியே எடுக்க வேண்டும். 500 மீட்டர் உள்ளே இருந்தால் 500 மீட்டர் ராடையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, புது பிட் மாட்டி, மறுபடி கோக்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம்தானே, ஓட்டிவிடலாம்' என்று தோன்றுவது இங்கேதான்.

ஓட்டினால் என்ன ஆகும்? கூம்பு கழன்று துளைக்குள் விழும். எஃகும் டங்ஸ்டன் கார்பைடும் சேர்ந்த அந்தக் கட்டியை அடுத்த பிட்டால் துளைத்துக்கொண்டு போக முடியாது. அதே பற்கள் புது பிட்டையும் உடைக்கும். தூண்டில் போடுவதுபோல் கருவிவிட்டு மீட்கப் பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால் அந்தத் துளையைக் கைவிட்டு, பக்கத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். ஒரு பிட்டை மிச்சம் பிடிக்கப் போய் மொத்தத் துளையும் போச்சு!

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களே, நாளை இப்படி ஒரு வேலையிடத்தில் நின்றால் 'எத்தனை மீட்டர் போயிருக்கு?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இந்த பிட் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?' என்றும் கேளுங்கள்.