பேசித் தீராத பில் வால்டன்

2024 மே 27, திங்கட்கிழமை. அமெரிக்காவில் மெமோரியல் டே விடுமுறை. பழைய நண்பனிடமிருந்து போன் வந்தது. நலம்கூட விசாரிக்கவில்லை. "டேய், உன் ஆளு போயிட்டாருடா" என்றான். யார் என்று நான் கேட்கவில்லை. என் ஆள் என்று அவன் சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

பில் வால்டன், முன்னாள் கூடைப்பந்து நட்சத்திரம், பின்னாளில் தொலைக்காட்சி வர்ணனையாளர். வயது 71. சான் டியேகோவில், குடும்பத்தார் சூழ்ந்திருக்க, பெருங்குடல் புற்றுநோயால் இறந்திருந்தார். அவருக்கு அந்த நோய் இருந்ததே எங்களைப் போன்ற ரசிகர்களுக்குத் தெரியாது. தன்னைப் பற்றி எல்லாவற்றையும் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த மனிதர் இதை மட்டும் சொல்லவில்லை.

கலிஃபோர்னியாவுக்கு நான் வந்த புதிதில், சாண்டா கிளாராவில் ஒரு சின்ன வீட்டில் நானும் இந்த நண்பனும் சேர்ந்து குடியிருந்தோம். வேலை முடிந்து வந்து, சாதம் வைத்து, ரசம் கொதிக்கவிட்டு, தட்டோடு உட்கார ஒன்பது மணியாகிவிடும். அந்த நேரத்தில் டிவியில் நேரலையாகக் கிடைப்பது பேக்-12 கல்லூரிக் கூடைப்பந்துதான். யூசிஎல்ஏ, அரிசோனா, ஒரேகான், ஸ்டான்ஃபர்டு என்று மேற்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பு அது. கிழக்குக் கரையில் அப்போது நள்ளிரவு. பாதி நாடு தூங்கிய பிறகு நடக்கும் ஆட்டங்கள். அந்த ஆட்டங்களின் குரல் வால்டன்.

நண்பனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "ஸ்கோர் என்னன்னு சொல்லாம இந்தாளு எரிமலையைப் பத்திப் பேசிட்டிருக்கான் பாரு" என்று ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடைத்துவிடுவான். நான் பிடுங்கித் திறந்துவிடுவேன். அவன் சொன்னதும் பொய்யில்லை. ஆட்டம் ஒரேகானில் நடந்தால் பேச்சு அங்கே ஓடும் ஆற்றுக்குப் போகும். ஆற்றிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து பாறைகளின் வயதுக்கு, அங்கிருந்து கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவுக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சக வர்ணனையாளர் டேவ் பாஷ், மேய்ச்சலில் விலகிய மாட்டை வரப்புக்கு ஓட்டிவருகிறவர்போல, அவரை ஆட்டத்துக்கு இழுத்து வருவார். அடுத்த நிமிடம் மாடு மறுபடி வரப்பைத் தாண்டியிருக்கும்.

மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்த கப்கேக்கைச் சுடரோடு அப்படியே வாயில் போட்டு மென்ற காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அவர் போட்டு வரும் டை-டை சட்டைகளை முதலில் பார்த்தபோது எனக்கு அம்மாவின் மதுரைச் சுங்குடிச் சேலைதான் நினைவுக்கு வந்தது. அதே முடிச்சு, அதே சாயம். ஏறக்குறைய ஏழடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரர், சுங்குடியைப் போட்டுக்கொண்டு உலகத்துக்கே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளியில் உயர்வு நவிற்சி அணி படித்திருக்கிறோம். அதை அன்றாடப் பேச்சாக வைத்திருந்த ஒருவரை நான் பார்த்தது அவரில்தான். ஒரு பாஸ் தவறிப்போனால் மேற்கத்திய நாகரிகத்தின் வரலாற்றிலேயே அதைவிட மோசமானது இல்லை என்பார். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஓர் அழகான பந்தைப் போட்டுவிட்டால் பெரிய பெரிய ஆட்டக்காரர்களின் பெயரோடு அவனைச் சேர்த்துச் சொல்வார். அடிமட்டத்தில் கிடக்கும் அணிக்கும் இதே மரியாதைதான். மிகைப்படுத்துகிறார் என்று எரிச்சல்பட்டவர்கள் நிறையப் பேர். அந்தப் பையன்களின் அம்மாக்கள் யாரும் எரிச்சல்பட்டிருக்க மாட்டார்கள்.

அவர் பேச்சை நிறுத்தவே கூடாது என்று நான் விரும்பியதற்கு வேறு காரணம் உண்டு. எனக்குத் திக்கும். இப்போது குறைந்திருக்கிறது, ஆனாலும் போனை எடுத்ததும் முதல் சொல்லில் மாட்டிக்கொள்வேன். பள்ளியில் வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். எனக்கு 'உ'விலேயே நின்றுவிடும். மூன்று பெயருக்கு முன்பிருந்தே வயிற்றைக் கலக்கும். ஒரு கட்டத்தில் ஆசிரியர் என் பெயரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, பதிவேட்டில் குறித்துக்கொள்வார். அது கருணையா அவசரமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வால்டனுக்கு 28 வயது வரை திக்கியது. அதுவும் சாதாரணமாக அல்ல. ஒரு வணக்கம், ஒரு நன்றி சொல்வதற்கே நா எழாது என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நாடே அவர் பெயரைக் கூவிக்கொண்டிருந்த காலம் அது. மைக்கைக் கண்டால் விலகிப் போனார். வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அது திமிராகத் தெரிந்திருக்கலாம். திக்குகிறவர்களுக்கு அந்த விலகல் தெரியும்.

28 வயதில் ஒரு விழாவில் தற்செயலாக மார்ட்டி கிளிக்மனைச் சந்தித்தார். கிளிக்மன் நியூயார்க்கின் புகழ்பெற்ற வர்ணனையாளர். அதற்கும் முன்பு ஓட்டக்காரர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டம் தொடங்கவிருந்த நாளில், கடைசி நேரத்தில் அமெரிக்க அணியிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு யூதர்களில் ஒருவர். பறிக்கப்படுவதென்றால் என்னவென்று அறிந்தவர். அவர் வால்டனுக்குச் சொன்னது எளிமையான விஷயம்: பேச்சும் ஒரு பயிற்சி, கூடைப்பந்தை எப்படி அடிப்படையிலிருந்து கற்றாயோ அப்படியே இதையும் கற்றுக்கொள். மெதுவாக யோசி. சுயிங்கம் மென்று தாடையைப் பழக்கு. கண்ணாடி முன் நின்று பேசு. புத்தகத்தை உரக்கப் படி. எந்த ஒலி தடுக்கிறதோ அதைக் கண்டுபிடித்து அதிலேயே உழை.

அடிப்படையிலிருந்து தொடங்கு என்பது வால்டனுக்குப் புதிய பாடம் அல்ல. 1970இல் யூசிஎல்ஏவில் சேர்ந்தபோது, பெரும் பயிற்சியாளர் ஜான் வுடன் முதல் நாள் என்ன மந்திரம் சொல்லப்போகிறார் என்று காத்திருந்த பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது காலுறை போடுவது எப்படி என்பதைத்தான். மடிப்பு விழாமல் இழுத்துவிட வேண்டும், நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும். மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. அவ்வளவுதான் முதல் பாடம். பின்னாளில் வால்டன் தன் நான்கு மகன்களுக்கு மதியச் சாப்பாடு கட்டித் தரும் பைகளின் மேல் வுடனின் வாசகங்களை எழுதி அனுப்பினார்.

அவர் ஆடியதை நான் பதிவுகளில்தான் பார்த்திருக்கிறேன். 1973 கல்லூரி இறுதிப் போட்டியில் மெம்ஃபிஸ் ஸ்டேட்டுக்கு எதிராக 22 முறை கூடையை நோக்கி எறிந்தார், 21 விழுந்தன. 44 புள்ளிகள். அப்போது கல்லூரி ஆட்டத்தில் பந்தைக் கூடைக்குள் மேலிருந்து அறையும் டங்க் அடிக்கவே தடை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். தொடர்ந்து 88 ஆட்டங்களில் தோல்வி காணாத அணி அது. 1974 ஜனவரியில் நோட்டர் டாமில், கடைசி மூன்றரை நிமிடத்தில் 11 புள்ளி முன்னிலையைப் பறிகொடுத்து 71-70 என்று தோற்றார்கள். 88 வெற்றிகளைப் பேசியதைவிட அந்த ஆண்டின் தோல்விகளைத்தான் அவர் அதிகம் பேசினார்.

1977இல் அவர் ஆடிய போர்ட்லாண்டு டிரெயில் பிளேசர்ஸ் அணிக்கு என்பிஏ தொழில்முறைக் கோப்பை. முதல் இரண்டு ஆட்டங்களையும் பிலடெல்ஃபியாவிடம் தோற்று, அடுத்த நான்கையும் வென்றார்கள். அந்த அணிக்கு இன்றுவரை அது ஒன்றுதான் கோப்பை. போர்ட்லாண்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் 'எழுபத்தேழு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

பிறகு பாதங்கள் கைவிட்டன. 1978இல், அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெறவிருந்தவர், வலி மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு களமிறங்கினார். பாத எலும்பு முறிந்திருந்தது. காலுறை மடிப்பில் கூடக் கவனமாக இருக்கக் கற்ற கால் அது. அடுத்த நான்கு பருவங்களில் மொத்தம் 14 ஆட்டங்கள்தான் ஆடினார். ஓர் அணி ஒரு பருவத்தில் 82 ஆட்டம் ஆடும். வால்டன் தன் தொழில்முறை வாழ்க்கை முழுவதும் ஆடிய வழக்கமான ஆட்டங்கள் 468. தன் எலும்புகளில் மட்டும் 39 அறுவைச் சிகிச்சைகள் நடந்தன என்று கணக்குச் சொல்வார். இரண்டு கணுக்கால்களும் அசைவற்று இணைக்கப்பட்டன. நடப்பது வேதனை, சைக்கிள் ஓட்டுவது சுகம் என்று ஆகிப்போனது. சான் டியேகோ சாலைகளில் தனக்கென்று செய்த பெரிய சைக்கிளில் போய்க்கொண்டே இருந்தார்.

நடுவே ஒரு நல்ல வருடம் வந்தது. 1985-86இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்தவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்து ஆறாவது ஆளாக இறங்க மகிழ்ச்சியாகச் சம்மதித்தார். 80 ஆட்டங்கள் ஆடினார், அவர் வாழ்க்கையிலேயே அதிகம். அந்த ஆண்டு சொந்தக் களத்தில் செல்டிக்ஸ் 40 வென்று ஒன்று மட்டும் தோற்றது. கோப்பையும் வந்தது. அந்த ஆண்டுப் பதிவுகளில் அவர் முகத்தைப் பார்த்தால் போதும். கால் கிடைத்தவனின் முகம்.

2008இல் முதுகெலும்பும் விட்டுவிட்டது. எழுந்து நடமாட முடியாமல் வீட்டின் தரையில் கிடந்தார். சாப்பாடும் அங்கேயே. உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்ததைப் பின்னாளில் அவர் மறைக்கவில்லை, தன்னைப் போல் வலியில் கிடக்கிறவர்களுக்கு உதவும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 2009 அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மெல்ல எழுந்தார். 2016இல் வந்த தன்வரலாற்று நூலுக்கு 'பேக் ஃப்ரம் தி டெட்' என்று பெயர் வைத்தார். சாவிலிருந்து திரும்பியவன் என்றும் படிக்கலாம், 850க்கும் மேற்பட்ட கச்சேரிகளுக்குப் போன தன் பிரியமான இசைக்குழுவின் பெயராகவும் படிக்கலாம். 1978இல் அந்தக் குழு எகிப்தில் பிரமிடுகளின் அடியில் வாசித்தபோதும் அவர் அங்கே இருந்தார், காயம்பட்ட காலோடு.

சாண்டா கிளாராவில் நாங்கள் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டு கேட்ட குரல், இதற்கெல்லாம் பிறகு வந்த குரல். 28 ஆண்டுகள் அடைபட்டிருந்த வாய். தரையில் கிடந்து எழுந்த உடம்பு. அந்த மனிதர் ஓர் இரவு ஆட்டத்தின் நடுவே எரிமலையைப் பற்றிப் பேசினால் பேசட்டுமே என்றுதான் எனக்கு அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. ஸ்கோர் திரையின் கீழே எழுதியிருக்கிறது.

அவர் இறந்த சில நாட்களில் லாஸ் வேகஸின் ஸ்பியர் அரங்கில், கிரேட்ஃபுல் டெட்டின் மிச்சமான டெட் அண்ட் கம்பெனி குழு அவருடைய படங்களை அந்தப் பிரம்மாண்டத் திரையில் ஓடவிட்டு வாசித்தது. ஜூனில் என்பிஏ இறுதிப் போட்டிக்கு வந்த செல்டிக்ஸ் ஆட்டக்காரர்கள் அவர் பெயர் பொறித்த சட்டையைப் பயிற்சியில் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கோப்பையையும் வென்றார்கள். ஆனால் எனக்கு நிற்பது நண்பனின் அந்தப் போன்தான். அவரை வாயடைத்தே வைத்திருந்தவன் அன்று ஒரு மணி நேரம் அவரைப் பற்றியே பேசினான். மெழுகுவத்தி, சட்டை, டேவ் பாஷின் பெருமூச்சு, எல்லாம் அவனுக்கு நினைவிருந்தது. நான் குறைவாகவே பேசினேன், துக்கத்தில் எனக்குத் திக்கல் கூடிவிடும். வைக்கும் முன் சொன்னான்: "சத்தத்தை அடைக்காம இருந்திருக்கலாம்டா."

வால்டன் பேக்-12ஐ எப்போதும் 'சாம்பியன்களின் கூட்டமைப்பு' என்றுதான் சொல்வார். வெறும் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தொலைக்காட்சிப் பணத்துக்காக ஒவ்வொரு பல்கலைக்கழகமாக விலகத் தொடங்கியபோது, தன் சொந்த யூசிஎல்ஏ போவதையே வெளிப்படையாக எதிர்த்தார். அவர் இறந்து ஒரு மாதம் கழித்து, ஜூன் 30 அன்று, பேக்-12இன் தொலைக்காட்சி ஒளிபரப்பு முடிவுக்கு வந்தது. ஆகஸ்ட் 2 அன்று யூசிஎல்ஏ பிக் டென் என்ற வேறொரு கூட்டமைப்புக்குப் போனது. பழைய பன்னிரண்டில் மிஞ்சியவை இரண்டு: ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.