கொல்லைப்புற அடுப்பு

காரைக்குடியில் எங்கள் வீட்டில் பன்றிக்கறிக்கென்று தனிச் சட்டி, கொல்லையில் தனி அடுப்பு. அம்மா தொட மாட்டாள். ஆனால் மிளகு, சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ வறுத்து அரைத்துத் தருவாள். 'எண்ணெய் ரொம்ப ஊத்தாதடா, கொழுப்பே உருகி வரும்' என்று ஜன்னல் வழியாக உத்தரவு வேறு!

சின்ன வெங்காயம், பூண்டு, கொஞ்சம் புளிக்கரைசல். அடுப்பு நிதானமாக எரியணும். அரைவேக்காடு மட்டும் கூடாது சார், நாடாப்புழு பயம் நிஜம்.

ஒரு விஷயம் தெரியுமா? அன்னாசிப்பூவுக்குப் பூர்வீகம் தென்சீனா, வியட்நாம் பக்கம். அங்கே அதுக்கும் பன்றிக்கறிக்கும் ஜென்ம சிநேகம். நாம் பூவை மட்டும் சமையலறைக்குள் விட்டோம். கறியையும், சில ஊர்களில் அதைச் சாப்பிடுகிற மனுஷனையும், கொல்லையிலேயே நிறுத்திவிட்டோம்.