திருவொற்றியூர் புல்லட் பாசலுக்கு வந்த கதை

தெருவில் புல்லட் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். அப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் இன்ஜின் கோர்க்கிற பிரிவில் வேலை பார்த்தவர். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் இருந்துவிட்டு, சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். மூன்று பிள்ளைகள், ஒரு சம்பளம். கடைசி வரைக்கும் சைக்கிள்தான்.

நான் இப்போது சுவிட்சர்லாந்தில், பாசல் நகரத்தில் இருக்கிறேன். அம்மா போன பிறகு அப்பாவோடு போனில் பேசுவது இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. "சாப்ட்டியா? அங்க குளிரா? சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான்.

2024 மார்ச்சில் மகளுக்குப் பழைய சைக்கிள் ஒன்று தேடி, ஜெர்மனி விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாசல்காரர்களுக்கு ஜெர்மனி பக்கத்துத் தெரு மாதிரி. காய்கறிகூட அங்கே போய் வாங்குவோம். அப்போது கண்ணில் பட்டது அந்த விளம்பரம். என்ஃபீல்டு புல்லட் 500, 1996-ம் ஆண்டு மாடல், ஃப்ரைபுர்க் பக்கத்தில் ஒரு கிராமம், 2,400 யூரோ. சும்மா அப்பாவுக்குப் படத்தை அனுப்பி வைத்தேன்.

ஐந்தாவது நிமிடம் வீடியோ கால். அவராகவே அழைத்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் முறை. "டேய், 96-ல நான் லைன்லதான்டா இருந்தேன்!"

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இந்தக் காசுக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போய் மாமாவைப் பார்த்துட்டு வந்திருக்கலாம்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

சனிக்கிழமை காலை, பாசலில் எனக்குப் பழக்கமான சுன்னாகத்து அண்ணன் ஒருவரின் வேனில் கிளம்பினோம். வண்டியை ஓட்டியே வருவதென்றால், ஜெர்மனியில் அதற்கென்று ஏற்றுமதி நம்பர் பிளேட் எடுக்க வேண்டும். ஓரத்தில் சிவப்புப் பட்டை, அதில் காலாவதி தேதி. அதற்குத் தனி இன்ஷூரன்ஸ் வேறு. இருபத்தெட்டு வயதுப் புல்லட்டை நம்பி நெடுஞ்சாலையில் இறங்க எனக்குத் தைரியமும் இல்லை. அதனால் வேன்.

விற்றவர் எழுபதைத் தாண்டிய ஜெர்மன்காரர். மனைவியும் அவருமாக அந்த வண்டியில் மலைப்பாதை முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். மனைவி இப்போது இல்லை. அவருக்கு முழங்கால் போய்விட்டது, உதைத்து ஸ்டார்ட் செய்ய முடியவில்லை. ஆனால் 1996-லிருந்து ஒரு ரசீது விடாமல் ஃபைலில் வைத்திருந்தார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஃபைலைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் உதைத்தேன். கிளம்பவில்லை. பத்து முறை உதைத்து வேர்த்துப்போய் அப்பாவை அழைத்தேன்.

"முட்டாள்தனமா உதைக்காதே. சாவியைப் போட்டியா? ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பாரு. கிக்கரை மெதுவா அமுக்கு. கல்லு மாதிரி நிக்குதா? முள்ளு நடுவுக்கு வந்துச்சா? இப்போ இடது கைப் பக்கம் சின்ன லீவர் இருக்கும், டீகம்ப்ரசர், அதைப் பிடி. இன்னும் கொஞ்சூண்டு அமுக்கு. லீவரை விடு. கிக்கரை மேலே வர விடு. இப்போ ஒரே மிதி."

ஒரே மிதிதான். கொட்டகை அதிர்ந்தது. ஜெர்மன்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். போனில் அப்பா, "பேசாம இரு, கேட்க விடு" என்றார். ஒரு நிமிடம் மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு அப்பா, "ஆறினதும் வலது பக்கம் டேப்பட் மூடியைக் கழற்றி, ரெண்டு புஷ் ராடையும் விரலால உருட்டிப் பாரு. லேசா சுத்தணும், ஆடக் கூடாது. மத்தபடி நல்ல இன்ஜின். வாங்கு" என்றார்.

வாங்கினேன். முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டியபோது பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிட்டேன். அந்தக் காலப் புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். நல்லவேளை, எதிரே வைக்கோல் கட்டுதான் இருந்தது.

எல்லைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அண்ணன் கேட்டார்: "தம்பி, இண்டைக்குச் சனிக்கிழமை. சுங்கத்தில ஆள் இருப்பினமோ எண்டு பாத்தனீரே?"

பார்க்கவில்லை. வண்டியை முறைப்படி இறக்குமதி செய்யும் கவுன்டர் வேலை நாள்களில் மட்டும்தான் திறந்திருக்கும். சனிக்கிழமை மதியம் அங்கே இழுத்துச் சாத்திய கதவுதான் இருந்தது. பேசாமல் அப்படியே எல்லையைத் தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது உண்மை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அது செத்துப் போனது. சுங்க முத்திரை குத்திய அந்தப் படிவம் இல்லாமல் இங்கே வண்டியைப் பதிவே செய்ய முடியாது. மாட்டினால் அபராதம் வேறு.

திரும்ப ஒரு மணி நேரம் ஓட்டி, ஜெர்மன்காரர் வீட்டு மணியை அடித்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். கொட்டகையைத் திறந்துவிட்டு, எங்களை உட்கார வைத்து உருளைக்கிழங்கு சூப் கொடுத்தார். கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "திங்கட்கிழமை எடுத்துப் போவதற்கு முன்னால் இன்னொரு முறை ஸ்டார்ட் செய்வீர்களா?" என்று கேட்டார். செய்தேன்.

திங்களன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். சுங்க வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. 2024 ஜனவரி 1 முதல் சுவிட்சர்லாந்து தொழிற்சாலைப் பொருள்களுக்கு இறக்குமதி வரியை எடுத்துவிட்டது. மதிப்புக் கூட்டு வரி 8.1 சதவிகிதம் மட்டும். ஏறத்தாழ 190 பிராங்க் கட்டினேன். படிவத்தில் வண்டி உற்பத்தியான நாடு என்ற இடத்தில் இந்தியா என்று எழுதியிருந்ததைப் பார்த்து அதிகாரி, "நீங்களுமா?" என்றார்.

அதன் பிறகுதான் உண்மையான வேதனை. வாகனப் பரிசோதனையில் முதல் தடவை ஃபெயில். லைட், பிரேக் எல்லாம் சரி. இடது பக்க இன்ஜின் மூடியிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய். நம்ம ஊரில் புல்லட் நிறுத்திய இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே அது குற்றம்.

அன்றிரவு அப்பாவோடு ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினேன். அந்த மூடியைப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட். "எல்லாரும் ஒழுகுதுன்னு அதையே முரட்டுத்தனமா இறுக்குவாங்க. மூடி வளைஞ்சு இன்னும் ஒழுகும். கழற்று. விளிம்பைக் கண்ணாடி மேல வெச்சுப் பாரு, சமமா இருக்கான்னு. புது ரப்பர் போடு. கையால திருகு, அப்புறம் ஸ்பேனர்ல கொஞ்சம். போதும்னு தோணும்போது நிறுத்து." பேச்சோடு பேச்சாக, அந்த மூடியை மாட்டுவதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று லைனில் பெயர் வாங்கிய கதை, ஒருநாள் அம்மா தொழிற்சாலை வாசலுக்குச் சாப்பாடு கொண்டுவந்த கதை என்று என்னென்னவோ வந்தது. அம்மாவைப் பற்றி அவர் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

இரண்டாவது தடவை பாஸ். பரிசோதகர் இன்ஜினுக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்து, சுத்தமான விரலை எனக்குக் காட்டினார்.

அன்றைக்கு அப்பா கேட்டார்: "சரி, எப்போ ஊருக்கு எடுத்துட்டு வரப்போற?"

வெளிநாட்டிலிருந்து பழைய வண்டியை இந்தியாவுக்குள் கொண்டுவருவதென்றால், பொதுவாக அது மூன்று வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது என்பதைச் சொன்னேன்.

"இங்கேர்ந்து போன வண்டிதானேடா?"

"ஆமாப்பா. ஆனாலும் விட மாட்டாங்க."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வழக்கம்போல வைத்துவிடுவார் என்று நினைத்தேன். பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"என் பாஸ்போர்ட்டை உங்கம்மா எங்க வெச்சான்னு தெரியலையே..." என்றார்.

தேடி எடுத்தார். 2019-லேயே காலாவதி. அக்கா ஆன்லைனில் பணம் கட்டிவிட்டாள். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவருக்குப் பாஸ்போர்ட் ஆபீஸில் அப்பாயின்ட்மென்ட்.