குடிமகனின் நாற்காலி

நெல்லைச் சீமையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் 'குடிமகன்' என்ற சொல் இரண்டு முறை அறிமுகமாயிற்று. முதலில் வீட்டில். 'குடிமகன் வந்திருக்கான், பிள்ளைகளைக் கூப்பிடு' என்று ஆச்சி குரல் கொடுத்தால் முடிவெட்டுபவர் வந்திருக்கிறார் என்று பொருள். பிறகு பள்ளிக்கூடத்தில். வாக்குரிமை உடையவன், சட்டத்தின் முன் எவருக்கும் சமமானவன் குடிமகன் என்று குடிமையியல் பாடம் சொன்னது. முதற்சொல்லுக்கு உரியவரை ஊரில் சிறுவர்கூட ஒருமையில் அழைத்தார்கள். இரண்டாவது சொல் தேர்வில் இரண்டு மதிப்பெண் பெற்றுத் தந்தது. ஒரே சொல்லுக்கு இத்தனை தொலைவான இரு பொருள்கள் எப்படி வந்தன என்பதை யாரும் எங்களுக்கு விளக்கியதில்லை. முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு ஒரு மனிதர் நடந்து சென்ற பாதையில் ஒரு மர நாற்காலி இருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே யோசிக்கத் தொடங்கினோம். அந்த நாற்காலியைப் பற்றியதே இக்கட்டுரை.

நாற்காலிக்கு முந்தைய காலத்தை எங்களில் மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தோல் பையாகிய அடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு குடிமகன் விடியற்காலையில் தெருவுக்குள் வருவார். முன்வாசல் அவருக்கு இல்லை. பின்கட்டு வழியாக வந்து, வேப்ப மரத்தடியிலோ மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ குத்துக்காலிட்டு அமர்ந்து வேலையைத் தொடங்குவார். வேலை முடிந்ததும் வீட்டார் கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகுவார்கள். அவருடைய கை பட்டது தீட்டு என்று கருதப்பட்டது. கூலி காசாக வராது. அறுவடைக் களத்தில் மரக்காலால் அளந்து கொடுக்கப்படும் நெல்தான் ஆண்டுக்கூலி. விளைச்சல் பொய்த்தால் அதுவும் பொய்க்கும். கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வதிலிருந்து இழவு வீட்டில் சங்கு ஊதுவதுவரை எல்லாம் அந்த நெல்லுக்குள் அடக்கம். அவருடைய மனைவியோ தாயோ ஊர்ப் பிள்ளைகளைப் பூமிக்குக் கொண்டுவந்த மருத்துவச்சியாக இருப்பார். கட்டிகளைக் கீறி மருந்திடுவது அவருடைய வேலை. அந்தச் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயர் இருப்பதும், அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அப்பெயரே இடம்பெற்றிருப்பதும் காரணமில்லாமல் அல்ல. பிறப்பிலும் இறப்பிலும் தவிர்க்க முடியாதவராக இருந்த ஒருவரை இடைப்பட்ட காலம் முழுவதும் கொல்லைப்புறத்தில் நிறுத்தி வைத்திருந்த ஏற்பாடு அது.

*

எங்கள் தெரு முனையில் எழுபதுகளின் நடுவில் ஒரு குடிமகன் கடை போட்டார். பத்துக்குப் பத்து அறை. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு கண்ணாடிகள். ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாமல் செல்லும் எங்கள் தலைகளை நாங்கள் முதன்முதலில் கண்டது அங்கேதான். நடுவில் கைப்பிடிகள் வைத்த கனத்த மர நாற்காலி. தலையைச் சாய்த்துக்கொள்ள ஏற்றி இறக்கும் கட்டை. சிறுவர்களின் தலை கண்ணாடிக்கு எட்டாது என்பதால் கைப்பிடிகளின் மேல் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மீது தூக்கி உட்கார வைப்பார். பலகை இல்லாமல் நேரடியாக நாற்காலியில் உட்கார அனுமதி கிடைக்கும் நாள்தான் எங்கள் தெருவில் ஒரு பையன் பெரியவனாகும் நாள்.

சுவரில் விலைப்பட்டியல் ஒன்று தொங்கியது. கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு, சிறுவர்களுக்கு இவ்வளவு என்று பெயிண்டால் எழுதிய தகரப் பலகை. அன்று அதை நாங்கள் ஒரு பொருட்டாகக் கருதவில்லை. இப்போது நினைக்கையில், அந்த அறையில் இருந்த பொருள்களிலேயே முக்கியமானது அதுதான் என்று தோன்றுகிறது. உழைப்புக்கு விலையை உழைத்தவரே எழுதி மாட்டியது எங்கள் ஊர்க் குடிமகன்களின் பரம்பரையில் அதுவே முதல்முறையாக இருக்க வேண்டும். களத்து மேட்டில் கைகட்டி நின்று வாங்கிய நெல்லுக்கும் மேசை இழுப்பறையில் விழுந்த சில்லறைக்கும் இடையிலான தூரம் கொஞ்சமல்ல.

கடை வந்ததும் ஊர் உடனே கடைக்கு வந்துவிடவில்லை. எங்களில் ஒருவரின் தாத்தா, 'நான் அவனைத் தேடிப் போறதா?' என்று ஒரு மாதத்துக்கு மேல் தாடியோடு இருந்தார். ஆள் அனுப்பியபோதெல்லாம், 'கடையில கூட்டமா இருக்கு, ஐயாவ இங்க வரச் சொல்லுங்க' என்ற பணிவான பதிலே வந்தது. தாடி அரிக்கத் தொடங்கியதும் ஒரு நாள் விடியற்காலையில், தெருவில் யாரும் நடமாடாத நேரமாகப் பார்த்துப் போனார். திரும்பி வந்தவர் குளிக்கக்கூடப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து ஆற்றாமையோடு சொன்னார்: 'வாங்க அண்ணாச்சி, ஒக்காருங்கன்னு சொல்லுதான். என்னைய அண்ணாச்சிங்கான்!' தெருவில் எதிர்ப்பட்டால் 'ஐயா' என்று ஒதுங்கி நிற்பவர் கடைக்குள் 'அண்ணாச்சி' என்றார். சொந்தக் கூரையின் கீழ் நாக்கு வேறு மாதிரி புரளும் போலிருக்கிறது. தாத்தாவுக்கும் பழகிவிட்டது. கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் உறவுமுறையைப் பற்றி வாதாடுவதில்லை.

*

எங்களுக்கு அந்தக் கடை வேறொன்றாகவும் இருந்தது. நூலகத்தில் சத்தம் போடக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் படித்து முடித்த பிறகே தாள் கைக்கு வரும். முடிதிருத்தகத்தில் இவ்விரண்டு தடையும் இல்லை. தினத்தந்தி தாள்தாளாகப் பிரிந்து பெஞ்சின் மீது ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றிவரும். 1960 முதல் வந்துகொண்டிருக்கும் கன்னித்தீவுப் பக்கத்துக்குத்தான் அடிதடி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக யாரேனும் ஒருவர் செய்தியை உரக்க வாசிப்பார், கேட்பவர்கள் இடைமறிப்பார்கள், நாற்காலியில் இருப்பவர் தலையை அசைக்க முடியாமல் கண்ணாடி வழியாகவே மறுப்புச் சொல்வார். மாலையில் இலங்கை வானொலி. கே. எஸ். ராஜாவின் குரலையும் பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் பாவனை செய்யாத பையன் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

திராவிட இயக்கம் தமிழகத்தின் சிற்றூர்களுக்குள் வேரோடியதில் தேநீர்க் கடைகளுக்கும் முடிதிருத்தகங்களுக்கும் இருந்த பங்கு பலரும் எழுதியதுதான். இயக்க ஏடுகளை வாங்கிப் போட்டு வந்தவர்களெல்லாம் படிக்கும்படி செய்த கடைக்காரர்கள் பலர். அடைப்பத்தைச் சுமந்து கொல்லைப்புறம் போனவரின் மகனுக்குச் சுயமரியாதை என்ற சொல் வெறும் மேடைச்சொல்லாக இருந்திருக்க முடியாது. ஆனால் பேச்சு முற்றிக் கத்திரிக்கோல் நின்றுபோன நாள்களும் உண்டு. 'இங்கே அரசியல் பேசக்கூடாது' என்ற அட்டை எங்கள் தெருக்கடையிலும் தொங்கியது. அதன் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் அரசியல் பேசினார்கள்.

கருவிகளையும் சொல்ல வேண்டும். பிடரியில் ஊரும் கைமெஷின் சற்றே மழுங்கியிருந்தால் முடியை வெட்டாமல் பிடுங்கும். கண்ணில் நீர் வரும். தோல்வாரில் கத்தியை இருபுறமும் மாற்றி மாற்றித் தீட்டும் ஓசையில் ஒரு தாளம் இருக்கும். அந்தச் சமூகத்தில் பலர் நாகசுரமும் தவிலும் பயின்றவர்கள் என்பது அப்போது நினைவுக்கு வரும். சவரம் முடிந்ததும் படிகாரக் கல்லை நனைத்து முகத்தில் தேய்ப்பார். எரிச்சல் அடங்கியதும் குளிர்ச்சி பரவும். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவியபோது கட்டைக்கத்தி விடைபெற்றது. பிளேடை இரண்டாக ஒடித்து, பாதியைப் பிடியில் செருகி, வாடிக்கையாளரின் கண்முன்னேயே பழையதை எறிந்துவிட்டுப் புதியதைப் போடும் வழக்கம் வந்தது. தோல்வார் சிறிது காலம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அதையும் காணோம்.

*

இதுவரை எழுதியதை இத்தோடு நிறுத்தினால் அது ஒரு இனிய நினைவோடையாக முடிந்திருக்கும். ஆனால் அந்த நாற்காலியில் எல்லோரும் உட்காரவில்லை.

எங்கள் வகுப்பில் ஊருக்குத் தெற்கே இருந்த குடியிருப்பிலிருந்து வந்த பையன்களின் முடிவெட்டு ஒரு மாதிரி கோணலாக இருக்கும். வீட்டில் தகப்பனோ அண்ணனோ கத்திரியால் வெட்டிவிட்டது. தெருமுனைக் கடை இருக்க ஏன் இப்படி என்ற கேள்விக்கு விடை ஊரில் அனைவருக்கும் தெரியும். அவர்களுக்கு அங்கே வெட்டக் கூடாது என்று தெருப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். மீறினால் தெருவில் ஒருவரும் அந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டார்கள். கொல்லைப்புறத்திலிருந்து தப்பி வந்தவரின் கையாலேயே இன்னொருவருக்குக் கதவைச் சாத்த வைத்தது எங்கள் ஊர். சாதியின் சாமர்த்தியம் அதுதான். படிக்கட்டில் ஒவ்வொருவருக்கும் மிதிக்க ஒரு படியையும் மிதிபட ஒரு படியையும் அது வைத்திருக்கிறது.

சட்டம் இதை முன்பே யோசித்திருந்தது. 1948 நவம்பரில், கடைகளில் எவரையும் விலக்கக் கூடாது என்னும் விதியை அரசியல் நிர்ணய சபை விவாதித்தது. 'கடை' என்ற சொல்லுக்குள் சலவை நிலையமும் முடிதிருத்தகமும் அடங்குமா என்ற ஐயம் அங்கே எழுந்தது. பரந்த பொருளிலேயே அச்சொல்லைப் பயன்படுத்துவதாகவும், பிறர்க்குச் சேவையளிக்க முன்வரும் எவரையும் அது உள்ளடக்கும் என்றும் அம்பேத்கர் விளக்கினார். அதுவே அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில் நிலைபெற்றது. 1955இல் தீண்டாமைக் குற்றங்களுக்கான தனிச்சட்டமும் வந்தது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தை இயற்றியவர்கள் முடிவெட்டும் நாற்காலியைப் பற்றி நின்று யோசித்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கோ அந்தச் சேதி எண்பதுகளின் இறுதிவரை வந்து சேரவில்லை.

அதை முடித்து வைத்தது சட்டமன்று, இடமாற்றம். கடையை நிறுவியவர் காலமான பிறகு அவருடைய மகன் தெருவை விட்டுப் பேருந்து நிலையத்துக்கு எதிரே கடையைக் கொண்டுபோனார். பேருந்திலிருந்து இறங்கி வருபவரிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று யார் கேட்பது? தெற்குக் குடியிருப்பின் பையன்கள் அங்கே வந்தார்கள். எங்கள் தெருப் பெரியவர்கள் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். 'போறவங்க போகட்டும். பஸ் நிக்காம வந்துக்கிட்டுத்தான இருக்கு' என்றார் மகன். எங்கள் ஊரில் அந்த நாற்காலி உண்மையிலேயே பொது நாற்காலியாக ஆனது அன்றைக்குத்தான்.

*

இந்த வாழ்க்கை நம் எழுத்திலும் திரையிலும் எந்த அளவுக்கு வந்திருக்கிறது? முடிதிருத்துபவர் நெடுங்காலம் நகைச்சுவைக் காட்சிக்கான ஆளாகவே இருந்தார். மடோன் அஸ்வின் இயக்கி 2021இல் வெளியான 'மண்டேலா', ஊரின் ஒரே முடிதிருத்துபவர் கையில் தேர்தலை முடிவு செய்யும் ஒற்றை வாக்கைக் கொடுத்துப் பார்த்தது. பெயர்கூட இல்லாமல் மரத்தடியில் வாழும் ஒருவருக்கு அடையாள அட்டை கிடைத்ததும் ஊரே அவரைச் சுற்றி வருகிறது. குடிமகன் என்ற சொல்லின் இரு பொருள்களும் ஒரே உடலில் சந்தித்துக்கொள்ளும் படம் அது. கவிதையில் கலைவாணன் இ. எம். எஸ்., 'ஒரு சவரக்காரனின் கவிதை மயிருகள்' என்று தொகுப்புக்குப் பெயரிட்டு, வசையாக வழங்கிய சொற்களையே தலைநிமிர்ந்து எடுத்தாண்டிருக்கிறார். தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தம் கடைக்குள்ளேயே நூலகம் அமைத்து, காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் வாசிப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை தந்தார். 2020 அக்டோபரில் பிரதமர் தம் வானொலி உரையில் அவரோடு பேசியபோது நாடறிந்தவரானார். எங்கள் பெஞ்சில் தாள்தாளாகப் பிரிந்து சுற்றிய வாசிப்பு அங்கே அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கிறது.

அதே 2020இன் மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கடைகள் மூடின. தமிழகத்தில் மே, ஜூன் மாதங்களில் படிப்படியாகத் திறந்தன. வருபவரின் ஆதார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவும் வந்தது. ஒரு காலத்தில் இன்னாருக்கு வெட்டாதே என்று ஊர் கட்டளையிட்ட கடையில் இப்போது எல்லோரும் அட்டையை நீட்டி வரிசையில் நின்றார்கள். ஆனால் அந்த இரண்டு மாதங்களுக்கு வாடகையையும் வயிற்றையும் என்ன செய்தார்கள் என்று வரிசையில் நின்ற பலரும் கேட்டிருக்க மாட்டோம்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையக் கடை அதற்கு அடுத்த ஆண்டே மூடப்பட்டது. இப்போது அங்கே கைபேசிக் கடை. சற்றுத் தள்ளிக் குளிரூட்டிய நிலையம் ஒன்று வந்திருக்கிறது. வேலை பார்ப்பவர்கள் வடமாநில இளைஞர்கள். நன்றாகத்தான் வெட்டுகிறார்கள். பெஞ்சு இல்லை, செய்தித்தாள் இல்லை; காத்திருப்பவர்கள் கைபேசிக்குள் குனிந்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் கூடினால் பழைய கடையைப் பற்றி ஏங்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது.

அப்படி ஒரு நாள் அவரைத் தேரடியில் பார்த்தபோதும் எங்கள் ஏக்கத்தைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மகன் கோயம்புத்தூரில் பம்பு ஆலையில் வேலை பார்க்கிறான். மகள் செவிலியர் படிப்பு முடித்து மருத்துவமனையில் இருக்கிறாள். பாட்டி மருத்துவச்சியாகச் செய்த வேலைதான். இவளுக்கு மாதச் சம்பளமும் முன்வாசலும் உண்டு. 'கடை போச்சேன்னு நீங்க எல்லாரும் வருத்தப்படுதிய' என்றார். 'எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல தம்பி. எம் பையன் இந்தக் கத்திய எடுக்கலல்லா, அது போதும். நின்னு நின்னு கால்ல நரம்பு முடிச்சு விழுந்ததுதான் எனக்கு மிச்சம்.'

நாங்கள் நினைவில் வைத்திருப்பது உட்கார்ந்திருந்தவர்களின் கடை. அவர் நினைவில் இருப்பது நின்றுகொண்டிருந்தவரின் கடை. நாற்காலி ஒன்றுதான். அவருடைய மகனுக்கும் மகளுக்கும் ஒரு கதவைத் திறந்து விட்டுவிட்டு அந்தக் கடை தன் கதவை மூடிக்கொண்டது என்றால், அதற்காக அழ எங்களுக்கு உரிமையில்லை என்றே தோன்றுகிறது. நாற்காலி என்னவாயிற்று என்று கேட்டோம். வீட்டு முன்வாசலில் போட்டிருப்பதாகவும், மாலையில் அதில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பதாகவும் சொன்னார்.